திருடன் வேஷத்துக்கு ஆள் தேவை

"காஸ் புக் பண்ணிட்டீங்களா?" என்று என் மனைவி மூன்றாவது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. பதில் சொல்லாமல் தப்பித்தோமடா சாமி என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எங்கள் பேட்டைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாள் நின்றிருந்தார். பக்கத்தில், கழுத்தில் விசிலோடு பி.டி. மாஸ்டர்.

"ஸார், நீங்க அந்தக் காலத்துல நிறைய டிராமா போட்டிருக்கீங்களாமே?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று ரிடையரான நாளிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன். அடக்கமாகச் சிரித்துக்கொண்டே, "ஏதோ, கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

கொஞ்சம் என்பது உண்மையிலேயே கொஞ்சம்தான். நான் வேலை பார்த்த பாங்க்கின் மனமகிழ் மன்றம் வருஷத்துக்கு ஒரு நாடகம் போடும். பதினோரு வருஷம், பதினோரு நாடகம். அத்தனையிலும் சேர்த்து நான் பேசிய வசனம் ஒன்றே ஒன்று: "ஸார், தந்தி!" பாக்கி நேரமெல்லாம் சைடில் படுதாவுக்குப் பின்னால் நின்று பிராம்ப்டிங். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தி சேவையையே இழுத்து மூடிவிட்டார்கள். ஆபீஸில் இருப்பவர்களுக்கெல்லாம் அது ஒரு செய்தி. எனக்கு மட்டும் அது என் கலைவாழ்வின் முடிவு.

"ஆண்டு விழாவுக்கு நம்ம பசங்களை வச்சு ஒரு காமெடி டிராமா போட்டுத் தரணும் ஸார். வருஷா வருஷம் சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் ஆடி ஆடி மேடைப் பலகையே ஆட ஆரம்பிச்சுடுச்சு" என்றார் தலைமையாசிரியை.

நிபந்தனைகளை பி.டி. மாஸ்டர் வாசித்தார். இருபத்தைந்து நிமிஷம். பன்னிரண்டு பிள்ளைகள். செலவு கூடாது. அரசியல் கூடாது. மதம், ஜாதி கூடாது. வாத்தியார்களைக் கிண்டல் பண்ணக் கூடாது. யார் மனமும் புண்படக் கூடாது. ஆனால் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும்.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"அவருக்கு என்னங்க தெரியும்? பின்னாடி நின்னு முணுமுணுப்பார். இப்பவும் வீட்ல அதானே பண்றார்?" என்று காபி டம்ளரோடு வந்து என் மனைவி எனக்கு நற்சான்று கொடுத்தாள்.

* * *

திங்கட்கிழமை சாயங்காலம் 3.40-க்குப் பள்ளிக்கூடத்து ஹாலில் என் குழுவைச் சந்தித்தேன். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பன்னிரண்டு பேர். என்ன நாடகம் என்பதை முதல் நாளே தீர்மானம் பண்ணி வைத்திருந்தேன். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'.

கொஞ்சம் சரித்திரமும் சொன்னேன். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்தவர் பம்மல். வக்கீலாக இருந்தார், பிறகு நீதிபதியாகவும் இருந்தார். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் மேடையேறினால் மானம் போய்விடும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் படித்தவர்களையே அரிதாரம் பூசவைத்த மனிதர். 'சபாபதி'யில் எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. 1941-ல் ஏவி.எம். அதைப் படமாக எடுத்தபோது டி.ஆர். ராமச்சந்திரன் எஜமான், காளி என். ரத்னம் வேலைக்காரன். அந்தப் படத்துக்கு இன்றைக்கும் சிரிக்கலாம்.

நான் உருகி உருகிச் சொல்லி முடித்தேன். ஹாலில் நிசப்தம்.

"ஸார், ஜமீன்தார்னா யாரு ஸார்?" என்றான் ஒருவன். அதற்குப் பத்து நிமிஷம் போயிற்று.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேர்னா ஆதார் கார்டுல குழப்பம் வராதா ஸார்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியில், கண்ணாடி போட்ட ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்தாள். "ஸார், தப்பா நினைக்காதீங்க. நாங்களே ஒண்ணு எழுதட்டுமா?"

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதினவர். அவரும் ஒருநாள் முதல் நாடகத்தைத்தானே எழுதியிருப்பார்? "எழுதிக்கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றேன். இரண்டு நாளில் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கதை இதுதான். ஒரு வீடு. அப்பா, அம்மா, பிள்ளை, பெண், மாமா எல்லோரும் ஆளுக்கொரு செல்போனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு திருடன் வருகிறான். யாருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. "பீரோ சாவி எங்கே?" என்று திருடன் கேட்டால், "அப்பா தலைகாணிக்குக் கீழே" என்று பிள்ளை பார்க்காமலே சொல்கிறான். திருடன் ஒவ்வொரு சாமானாகத் தூக்குகிறான். டி.வி., மிக்ஸி, காஸ் சிலிண்டர் வரைக்கும். அந்த வீட்டில் செல்போன் இல்லாத ஒரே ஆள் பாட்டி. "யாருப்பா அது? சாப்பிட்டியா?" என்கிறாள். திருடன் திகைக்கிறான். பாட்டி அவனை உட்காரவைத்துத் தோசை போட்டுக்கொண்டே தன் முட்டிவலி, கல்யாணக் கதை, அந்தக் காலத்து வெள்ளம் என்று எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்கும் ஒரே ஆள் திருடன்தான். பொழுது விடிந்துவிடுகிறது. எடுத்த சாமானையெல்லாம் அவனே திரும்ப வைத்துவிட்டு, பாட்டியின் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறான், நாளைக்கு வரும்போது வாங்கி வருகிறேன் என்று.

நான் நோட்டை மூடினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாகக் காஸ் புக் பண்ணிவிட வேண்டும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மறந்துவிட்டேன்.

* * *

எனக்குப் பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. அதனால் முதல் நாளிலிருந்தே எல்லோரையும் வேஷத்தின் பெயராலேயே கூப்பிட ஆரம்பித்தேன். 'அப்பா' எட்டாம் வகுப்பு. 'பிள்ளை' பத்தாம் வகுப்பு, அப்பாவைவிட முக்கால் அடி உயரம். கதை எழுதிய கண்ணாடிப் பெண்ணுக்குப் 'பாட்டி' வேஷம். "அம்மா, அந்த டெஸ்க்கைத் தள்ளு", "மாமா, மூக்கை நோண்டாதே" என்று நான் கத்துவதைக் கேட்டு, முதல் நாள் வாட்ச்மேன் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. நம் ஊரில் நாடகப் பெயர் சுலபத்தில் போகாது. கணேசன் என்ற இளைஞர் சிவாஜியாக மேடையில் நின்றார். பெரியார் பார்த்து 'சிவாஜி' என்றார். கடைசிவரை அவர் சிவாஜி கணேசன்தான். ராமசாமி என்ற வக்கீலுக்கு 'சோ' என்பதும், ராமமூர்த்திக்குக் 'காத்தாடி' என்பதும் நாடகப் பாத்திரங்கள் கொடுத்த பெயர்கள். மோகன் என்ற என்ஜினீயர் 1976-ல் எஸ்.வி. சேகருக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தில் வந்த திருடர்கள், போகும்போது தங்கள் 'கிரேஸி'யை அவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதையெல்லாம் சொல்லி, "பார்த்துக்கோங்க, நாளைக்கு உங்களுக்கும் இந்தப் பேர் ஒட்டிக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

திருடன் மட்டும் சிரிக்கவில்லை.

திருடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு. நல்ல உயரம், நல்ல அகலம். கதவுவழியாக வரும்போது கொஞ்சம் ஒருக்களித்து வருவான். அவன் உள்ளே நுழைந்தாலே மற்றப் பதினோரு பேரும் சிரித்துவிடுவார்கள். காமெடிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நான் அவனையே திருடனாக்கினேன். நான் பெரிய டைரக்டர் என்பதில் எனக்கே சந்தேகம் போன நிமிஷம் அது.

* * *

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனியில் சிறுவர்களை வைத்தே பெரிய பெரிய நாடகங்களை நடத்தினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே தயாரானவர்கள்தான். அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை, அங்கேயே பாடம். என் கம்பெனியில் 'அம்மா'வுக்குத் திங்கள், புதன் டியூஷன். 'மாமா'வுக்குச் செவ்வாய் ஹிந்தி கிளாஸ். 'அப்பா'வுக்கு அவனுடைய நிஜ அப்பா நாலே காலுக்கு வண்டியோடு வந்து ஹார்ன் அடிப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் இருப்பது வியாழக்கிழமை பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் கரண்ட் போகும்.

வசனம் மனப்பாடமாவது கஷ்டமே இல்லை. இரண்டு நாளில் எல்லோருக்கும் எல்லோருடைய வசனமும் தெரிந்துவிட்டது. அதுதான் வினை. 'பாட்டி' பேசும்போது மற்றவர்களின் உதடுகளும் கூடவே அசையும். தங்கள் ஜோக்குக்குத் தாங்களே முன்கூட்டிச் சிரித்துவிடுவார்கள். வசனத்தைச் சொல்லி முடித்ததும் 'எப்படி?' என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள்.

படுதாவுக்குப் பின்னால் பதினோரு வருஷம் நின்றதில் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று: சிரிப்பு வேஷக்காரர் சிரிக்கக் கூடாது, அவருக்கு அது சிரிப்பே இல்லை, கஷ்டம். இரண்டு: ஜனங்கள் சிரிக்கும்போது அடுத்த வசனத்தைச் சொல்லாதே, சிரிப்பு ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும், முக்கால்வாசி இறங்கினதும் பேசு. மூன்று: சிரிப்பு வராவிட்டால் அதற்காகக் காத்துக்கொண்டு நிற்காதே, ஒன்றும் நடக்காததுபோல் மேலே போய்க்கொண்டே இரு.

மூன்றாவதை என் மனைவியிடம் ஒத்திகை பார்த்தேன். "சரிதான். உங்களுக்கு நல்ல பழக்கம்" என்றாள்.

பிள்ளைகள் தாங்களாகவும் ஜோக்குகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு நாள் திருடன் நுழையும் காட்சியில் 'மாமா', "அட, நம்ம வீட்டு பீரோவே நடந்து வருதே!" என்று ஒரு வசனம் போட்டான். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல், பேனாவை எடுத்து நோட்டில் என் கையாலேயே அதை எழுதியும் வைத்தேன்.

மறுநாள் திருடன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

* * *

"ஜுரமா?" என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் 'பாட்டி'தான் வாயைத் திறந்தாள்.

"ஸார், அவனை கிளாஸ்ல பீரோன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. ஆறாம் கிளாஸ்லேர்ந்து. இங்க மட்டும்தான் யாரும் கூப்பிடாம இருந்தாங்க. நீங்க திருடான்னு கூப்பிட்டீங்க. அது அவனுக்குப் பிடிச்சிருந்தது."

"எனக்குத் தெரியாதும்மா..."

"நீங்களும்தான் சிரிச்சீங்க ஸார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வலித்தது.

யார் மனமும் புண்படக் கூடாது என்ற நிபந்தனைக்குத் தலையாட்டியவன் நான். மந்திரி மனம், மடாதிபதி மனம், வாத்தியார் மனம் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டேன். எதிரே நின்ற பதினாலு வயசுப் பையனின் மனம்தான் என் லிஸ்டில் இல்லை.

அன்று சாயங்காலம் விலாசம் விசாரித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சந்தில். வாசலில் ஒரு டிரைசைக்கிள். அவன் அப்பா காஸ் சிலிண்டர் டெலிவரி பண்ணுபவர். என்னைப் பார்த்ததும், "வாங்க ஸார். மூணாவது மாடி வீட்டு ஸார்தானே? நீங்க இன்னும் புக் பண்ணலையே?" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

பையன் உள்ளேயிருந்து வந்தான். என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. "தப்பு என்னோடதுப்பா" என்றேன். எங்கள் காலத்தில் வாத்தியார்கள் இந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போது எனக்கே புது வசனம் மாதிரி நாக்கு புரளவில்லை.

அவன் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "ஸார், நான் ஒண்ணுமே பண்ணலைன்னாலும் சிரிக்கிறாங்க. அப்ப நான் எதுக்கு ஸார் நடிக்கணும்?"

நல்ல கேள்வி. பஸ்ஸில் அடிபட்டதுபோல் நின்றேன். யோசித்துச் சொன்னேன். "அது அவங்களா சிரிக்கிறது. அதுல உனக்கு வேலையே கிடையாது. நடிகன்னா, எப்போ சிரிக்கணும்னு அவன் முடிவு பண்ணுவான். அவங்க சிரிக்கட்டும். நீ அப்படியே நில்லு. ஒரு வார்த்தை பேசாதே. எத்தனை நேரம் சிரிப்பாங்க? நின்னு போகும். போன பிறகு நீ ஆரம்பி. அதுலேர்ந்து வர்ற சிரிப்பு உன்னோடது."

அவன் பதில் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து, "வர்றேன் ஸார். ஆனா அந்த பீரோ வசனம் வேணாம். அது இல்லாமலே சிரிக்க வைக்கிறேன்" என்றான்.

நோட்டில் அந்த வரியை நானே அடித்தேன். 'மாமா'வும் கூட நின்று தன் பேனாவால் இன்னொரு கோடு போட்டான்.

* * *

அதற்கப்புறம் ஒத்திகையின் முகமே மாறிவிட்டது. முதலில் சிலிண்டர் காட்சி. நிஜ சிலிண்டர் மேடைக்குக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். இருபது லிட்டர் தண்ணீர் கேனுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து சிலிண்டர் ஆக்கினோம். முதல் தடவை திருடன் அதை ஒரே விரலில் தூக்கிக்கொண்டு போனான். "டேய், வீட்டு சிலிண்டர்ல காஸ் மட்டும் 14.2 கிலோ. இரும்போட சேர்த்தா ஏறக்குறைய முப்பது கிலோ" என்றேன்.

"தெரியும் ஸார். சும்மா பார்த்தேன்" என்றான். பிறகு செய்து காட்டினான். முதலில் கேனைக் கொஞ்சம் சாய்த்தான். அடிவிளிம்பில் நிறுத்தி, மேலே ஒரு கையை வைத்து, உருட்டிக்கொண்டே நாலடி வந்தான். நின்றான். மூச்சு விட்டான். இடுப்பைப் பிடித்தான். முழங்காலை மடக்கி, ஒரு 'ஹும்' போட்டுத் தோளுக்கு ஏற்றினான். மாடிப்படி இல்லாத ஹாலில் மூன்று மாடி ஏறினான். ஒவ்வொரு மாடியிலும் நின்று, அழைப்பு மணி அடித்து, வீட்டுக்காரர் "வேற மாடிப்பா" என்றதும் அடுத்த மாடி.

காலிக் கேன் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் எனக்கே இடுப்பு வலித்தது. மற்றப் பதினோரு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு ஜாதி. அவனுக்கும் அது தெரிந்தது. சிரிப்பு முக்கால்வாசி இறங்கினதும்தான் அடுத்த அடி எடுத்து வைத்தான்.

யாரிடம் கற்றுக்கொண்டான் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அப்பாவோடு டிரைசைக்கிளில் போகிற பையன். இத்தனை வருஷமாக நான் வாசலில் சிலிண்டர் வாங்கியிருக்கிறேன். கொண்டுவந்தவர் எப்படி ஏறி வந்தார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பெரும்பாலும் கையில் செல்போன் இருந்திருக்கும்.

* * *

ஆண்டு விழா. ஆறு மணிக்கு ஆரம்பம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் ஏழு இருபதுக்கு வந்தார். பெரிய மனிதர்; பெயர் வேண்டாம். வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, பரிசளிப்பு என்று எல்லாம் முடிந்தபோது மணி எட்டரை. பி.டி. மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டு கிரீன் ரூமுக்கு ஓடி வந்தார்.

"ஸார், டயமே இல்லை. டிராமா பத்து நிமிஷம்!"

"இருபத்தைந்து நிமிஷ நாடகம் ஸார்!"

"டான்ஸை வெட்டினா அம்மாக்கள் சண்டைக்கு வருவாங்க ஸார். டிராமாவுல வசனத்தைத்தானே வெட்டணும்?"

எனக்குக் கை நடுங்கியது. நோட்டைப் புரட்டினேன். எதை வெட்டுவது? அதற்குள் 'பாட்டி' எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்துவிட்டாள். 'அப்பா'வுக்கு இருந்த நீளமான ஆபீஸ் ஜோக்கை அவனாகவே விட்டுக்கொடுத்தான். 'அம்மா' தன் சீரியல் வசனத்தைக் கொடுத்தாள். 'மாமா', "எனக்கு வசனமே வேணாம். செல்போனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்" என்றான். ஆறு வாரம் ஒரு வரிக்காக அடித்துக்கொண்ட பிள்ளைகள், மூன்று நிமிஷத்தில் பாதி நாடகத்தைத் தானம் செய்துவிட்டார்கள். மீசை ஒட்டின கோந்து சரியாகக் காயாமல், 'அப்பா' மட்டும் மேலுதட்டைக் கையால் அழுத்திக்கொண்டே தலையாட்டினான்.

படுதா விலகியது. நான் வழக்கம்போல் சைடில், நோட்டும் டார்ச்சுமாக.

குடும்பம் செல்போனில் கவிழ்ந்திருக்கிறது. திருடன் நுழைந்தான். அவ்வளவுதான், ஹாலின் பின்வரிசையில் அவன் வகுப்பு மொத்தமும் ஆரம்பித்துவிட்டது. "டேய் பீரோ! பீரோ!" சிரிப்பு, விசில். எனக்கு நெஞ்சு அடைத்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன்.

திருடன் நின்றான். மேடை நடுவில் வந்து, அசையாமல், பேசாமல் நின்றான். சிரிப்பு ஏறியது, உச்சிக்குப் போனது, இறங்கியது. அவன் மெதுவாக ஒரு விரலை எடுத்து உதட்டில் வைத்து, பின்வரிசையைப் பார்த்து "உஷ்ஷ்..." என்றான். பிறகு, 'இவர்கள் எழுந்துவிடப் போகிறார்கள்' என்பதுபோல் குடும்பத்தைக் காட்டினான்.

குடும்பம் நிமிரவேயில்லை.

ஹால் வெடித்தது. அந்தச் சிரிப்பு அவனுடையது.

சிலிண்டர் மூன்று மாடி ஏறியது. பின்வரிசைப் பையன்கள் ஒவ்வொரு மாடிக்கும் கை தட்டினார்கள். அப்போதுதான் நோட்டில் இல்லாத ஒன்று நடந்தது. திருடன் மேடை விளிம்புக்கு வந்து, ஹாலைக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். ஹாலில் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை நடுவில் சிறப்பு விருந்தினர், தலையைக் கவிழ்த்துத் தன் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். மடியில் பொன்னாடை.

திருடன் படியிறங்கினான்.

நான் பதறிப்போய், "மாத்திரைச் சீட்டு! மாத்திரைச் சீட்டு!" என்று கத்தாத குறையாகப் பிராம்ப்ட் பண்ணினேன். பதினோரு வருஷமாக என் குரலை யாரும் மதித்ததில்லை, இன்றைக்கா மதிக்கப்போகிறார்கள்? தலைமையாசிரியை நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திருடன் பூனைபோல் முன்வரிசைக்குப் போனான். மடியிலிருந்த பொன்னாடையை இரண்டு விரலால் மெதுவாக, மிக மெதுவாக உருவினான். அவர் நிமிரவில்லை. மேடையிலிருந்து 'பாட்டி'யின் குரல் வந்தது: "பயப்படாம எடுத்துக்கப்பா! அவங்களும் நம்ம வீட்டு ஆளுங்க மாதிரிதான்!"

எந்த நோட்டிலும் இல்லாத வசனம். சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்தச் சத்தத்தில்தான் விருந்தினர் நிமிர்ந்தார். எதிரே திருடன். பொன்னாடையை அழகாக மடித்து, இரண்டு கையாலும் நீட்டி, "ஸார், உங்களோடதா? கீழே கிடந்தது" என்றான்.

"ஓ, தாங்க்யூ தம்பி" என்று வாங்கிக்கொண்டார்.

பத்து நிமிஷ நாடகம் பதினெட்டு நிமிஷம் நடந்தது. யாரும் விசில் ஊதவில்லை. பி.டி. மாஸ்டர் விசிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். விழா முடிவில் விருந்தினர் என் கையைக் குலுக்கி, "நாடகம் ரொம்ப நல்லா இருந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

* * *

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது, அது ஒரு நீல முத்தம் கொடுத்துவிட்டு அணைந்துபோயிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் பயமாக இருந்தது. எதிர்வீட்டில் மாற்று சிலிண்டர் கடன் வாங்கி, அவசரமாக புக் பண்ணி, செவ்வாய்க்கிழமைக்கு வந்து சேர்ந்தது. மாடிப்படியில் சத்தம் கேட்டதும், வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வெளியே போய் எட்டிப் பார்த்தேன். திருடனின் அப்பா, மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் ஸ்கூல் பையோடு திருடன்.

"என்னப்பா, கிளாஸ்ல எப்படி இருக்கு?" என்றேன்.

"இப்ப யாரும் பீரோன்னு கூப்பிடறதில்லை ஸார்" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "திருடான்னுதான் கூப்பிடறாங்க."

என் மனைவி அவன் அப்பாவுக்கு மோர் கொடுத்துவிட்டு, அவனை உட்காரவைத்து அடை வார்த்துப் போட்டாள். போட்டுக்கொண்டே தன் முட்டிவலி, எங்கள் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோனது, நான் காஸ் புக் பண்ணின லட்சணம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தபடி, அவ்வப்போது "ம்" போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். எதற்கென்று நிமிர்ந்து பார்த்தேன். ஸ்டூலில் வைத்திருந்த என் செல்போன், மூக்குக்கண்ணாடிக் கூடு, பாதி அடை இருந்த என் தட்டு எதையும் காணோம்.

திருடன் வாசலில் நின்று, விரலை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.